ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் (1963–67): நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்

சுமார் 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 19 கிலோ எடை. காகிதத்தில் பார்த்தால் ஃபெண்டரின் கறுப்பு முகப்பு டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1963 முதல் 1967 வரை செய்யப்பட்ட இந்த ஆம்ப், ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் சின்ன மேடைக்கும் சரியாகப் பொருந்துகிற அளவில் அமைந்துவிட்டது. ஃபெண்டரின் பெரிய ஆம்பான ட்வின் ரிவெர்ப்பைப் போல் தூக்கும்போது முதுகை ஒடிக்காது. சின்ன ஆம்பான பிரின்ஸ்டன் ரிவெர்ப்பைப் போல் டிரம்ஸுக்கு முன்னால் அமுங்கியும் போகாது.

தேய்ந்து தீரும் பாகங்கள் ஒழுங்காக மாற்றப்பட்டு, மற்ற எதிலும் கை வைக்கப்படாமல் இருக்கும் ஒன்றுதான் வாங்கத் தகுந்தது என்பது எங்கள் தீர்ப்பு. ‘பெட்டியையே திறக்கவில்லை, எல்லாமே ஒரிஜினல்’ என்று விற்கப்படுவது அழகுப் பொருளாக இருக்கலாம். அதை அப்படியே பிளக்கில் செருகி வாசிக்க முடியாது. ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம். முதலில் ஒலி.

ஏபி763 என்ற சர்க்யூட்தான் இதன் உயிர். மிட் குமிழ் கிடையாது. அந்த இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிலையாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் நடு அலைவரிசை இயல்பாகவே சற்று உள்வாங்கியிருக்கும். மேலே மினுமினுப்பு, கீழே வட்டமான கனம். டிரெபிளை 5-லும் பாஸை 3-லும் வைத்து ஆரம்பிப்பது நல்லது. பாஸை 5-க்கு மேல் ஏற்றி வால்யூமையும் கூட்டினால் கீழ் ஸ்வரங்கள் தொளதொளத்துப் போகும். சிறிய அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் திறந்த முதுகுப் பெட்டியும் அவ்வளவு பாஸைத் தாங்காது. பலர் இதை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றிவிடுகிறார்கள். பாஸ் குமிழைத் திருப்பினாலே போதும்.

ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்அப் உள்ள கிட்டாருடன் வால்யூம் 4 வரை சுத்தமான ஒலி. 5-ஐ நெருங்கும்போது மெல்ல உரசல் சேரும். விரலால் மெதுவாகத் தட்டினால் சுத்தமாகவும், பிக்கால் அழுத்தி இழுத்தால் கரகரப்பாகவும், ஒரே குமிழ் நிலையில் இரண்டும் கிடைக்கும். இரட்டைச் சுருள் பிக்அப்பான ஹம்பக்கர் என்றால் 3-லேயே இது தொடங்கிவிடும். 6-க்கு மேல் போனால் ஒலியின் உரம் பெரிதாகக் கூடாது, அடர்த்திதான் கூடும். கிட்டாரின் வால்யூம் குமிழை 7-க்கு இறக்கினால் திரும்பச் சுத்தமாகிவிடும். இந்த ஆம்பைக் காதலிப்பவர்கள் காதலிப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கையின் அழுத்தம் அப்படியே ஒலியாக மாறுகிறது.

கிட்டாரைச் செருக இந்த ஆம்பில் நார்மல், வைப்ராட்டோ என்று இரண்டு சேனல்கள் உண்டு. குறைந்த வால்யூமில் வைப்ராட்டோ சேனல் காதைக் குத்துகிறது என்று ஒரு புகார் அடிக்கடி வரும். அது உண்மை. அந்தச் சேனலின் வால்யூம் குமிழின் மேல் 47 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. குமிழ் கீழே இருக்கும்போது மேல் அலைவரிசை மட்டும் அதன் வழியே தாண்டிப் போகும். குமிழ் ஏற ஏற அதன் பங்கு கரையும். வால்யூம் 2-ல் கூர்மையாகக் கேட்பது 6-ல் சமன்பட்டு நிற்பது இதனால்தான். வீட்டில் மட்டுமே வாசிப்பவர் அதன் ஒரு காலை மட்டும் கழற்றிவிடலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பற்றவைக்கலாம். வெட்டி எறிய வேண்டியதில்லை. நார்மல் சேனலில் இந்தக் கெப்பாசிட்டரே கிடையாது. ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்கள் அங்கே செருகிப் பார்க்கட்டும், பெடலின் கூர்முனை மழுங்கிக் கேட்க நன்றாக இருக்கும். இரண்டு சேனல்களையும் ஒயர் போட்டு இணைத்து வாசிக்கும் பழக்கம் இங்கே எடுபடாது. வைப்ராட்டோ சேனலில் ஒரு நிலை கூடுதலாக இருப்பதால் இரண்டும் எதிரெதிர்க் கட்டத்தில் வெளிவருகின்றன. ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

முகப்பில் ‘வைப்ராட்டோ’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ட்ரெமோலோ, அதாவது ஸ்வரத்தை அசைக்காமல் ஒலியின் அளவை மட்டும் அலைய விடுவது. ஒரு நியான் விளக்கு மினுக்க, அதன் எதிரே உள்ள ஒளியுணர் ரெசிஸ்டர் அதற்கேற்ப ஒலியை ஏற்றி இறக்குகிறது. இந்த ட்ரெமோலோ வேலை செய்ய ஃபுட்ஸ்விட்ச் செருகியிருக்க வேண்டும். இது தெரியாமல் ‘ட்ரெமோலோ செத்துவிட்டது’ என்று விலையைக் குறைத்து விற்பவர்களும் உண்டு, வாங்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. ஃபுட்ஸ்விட்ச் இல்லையென்றால் ஷார்ட் செய்யப்பட்ட ஓர் ஆர்சிஏ பிளக்கைப் பின்னால் அந்த ஜாக்கில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கூடத்தில் எதிரொலிப்பது போன்ற ஒலியைத் தரும் ரிவெர்ப் இதற்கு நேர்மாறு: ஃபுட்ஸ்விட்ச் இல்லாமலே வேலை செய்யும், ஃபுட்ஸ்விட்ச்சை அமுக்கினால் நிற்கும்.

ரிவெர்ப் 3-லேயே தாராளம். அதற்கு மேல் எல்லாமே எதிரொலியில் நனைந்துவிடும். அதிகம் என்று தோன்றினால் பின்பக்கம் வலமிருந்து மூன்றாவது டியூபை (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயை) கழற்றி, 12ஏடி7 இருக்கும் இடத்தில் 12ஏயு7 போட்டால் குமிழ் இன்னும் பக்குவமாகத் திரும்பும். சால்டரிங் எதுவும் வேண்டாம்.

இனி பெட்டியின் உள்ளே. வாங்கும் முன் பின்பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

பெட்டியின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் டியூப் அட்டவணைக் காகிதத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் முத்திரையாக இருக்கும். முதல் எழுத்து வருடம்: 1951-ஐ ‘ஏ’ என்று கொண்டு வரிசையாக எண்ணினால் ‘என்’ 1964, ‘ஓ’ 1965, ‘பி’ 1966, ‘கியூ’ 1967. இரண்டாவது எழுத்து மாதம். டிரான்ஸ்பார்மர்களில் 606 என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஷூமாக்கர் தயாரிப்பு. 606-க்கு அடுத்து வரும் எண்களில் வருடத்தின் கடைசி இலக்கமும் வாரமும் இருக்கும். ஸ்பீக்கர் விளிம்பில் 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட், 220 என்றால் ஜென்சன். காகிதம், டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் மூன்றின் தேதிகளும் சில மாத இடைவெளிக்குள் அமைந்தால் கதை ஒத்துப்போகிறது என்று அர்த்தம். காகிதத்தில் 1965 என்றும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் 1971 என்றும் இருந்தால் நடுவில் ஏதோ எரிந்து மாற்றப்பட்டிருக்கிறது. அதனால் ஆம்ப் கெட்டது என்றாகிவிடாது, ஆனால் ஒரிஜினல் விலை கொடுக்கக்கூடாது. 1965 ஜனவரியில் ஃபெண்டரை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. அதை ஒட்டி முகப்புத் தகட்டில் நிறுவனப் பெயரும் மாறியது. பழைய பெயர் உள்ள தகட்டுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். சர்க்யூட் அதேதான், ஒலிக்காக அந்தக் கூடுதலைக் கொடுக்க நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

அடுத்து உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரிஜினல் பவர் கார்டு இரண்டு முனை உடையது. பின்னால் ஒரு கிரவுண்ட் ஸ்விட்ச், அதிலிருந்து மெயின்ஸுக்கும் சேஸிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கும் இடையே 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் மெயின்ஸ் மின்சாரம் சேஸிஸுக்கு வரும், சேஸிஸிலிருந்து கிட்டார் கம்பிக்கு வரும், மைக்கில் உதடு பட்டால் உடம்பு வழியாகப் போகும். இதை மரணக் கெப்பாசிட்டர் என்று மெக்கானிக்குகள் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை. மூன்று முனை கார்டு போட்டு, பச்சை ஒயரைச் சேஸிஸில் தனி போல்ட், நட் வைத்து இறுக்கி, அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட வேண்டும். ஃபேஸ் ஒயர் முதலில் ஃபியூஸுக்கும் பிறகு ஸ்விட்சுக்கும் போக வேண்டும். இந்த மாற்றம் செய்யப்படாத ஆம்பை ஒரிஜினல் என்று கொண்டாட வேண்டாம். கழற்றிய பழைய கார்டை ஒரு பையில் போட்டு ஆம்புடன் வைத்துக்கொள்ளுங்கள், சேகரிப்பாளருக்கு விற்கும்போது உதவும்.

சேஸிஸின் மேல் ஒரு சிறிய தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 16 மைக்ரோஃபாரட். உள்ளே இருக்கும் ரசாயனம் அறுபது வருடத்தில் காய்ந்துபோகும். முனையில் குமிழ் போல் புடைத்திருந்தாலோ வெள்ளையாகப் பொங்கியிருந்தாலோ ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், 475 அல்லது 500 வோல்ட் தாங்குவதாக. பார்க்க நன்றாக இருந்தாலும் தேதி 1960-களுடையது என்றால் மாற்றியே தீர வேண்டும். அவை ஷார்ட் ஆனால் முதலில் போவது மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் டியூப், அடுத்து பவர் டிரான்ஸ்பார்மர். அந்த டிரான்ஸ்பார்மரின் விலையோடு ஒப்பிட்டால் ஐந்து கெப்பாசிட்டர் சில்லறைச் செலவு. அதே வேலையில், பவர் டியூப்கள் இழுக்கும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் பயாஸ் சர்க்யூட்டின் கெப்பாசிட்டரையும் மாற்றிவிட வேண்டும். அது செத்தால் பவர் டியூப்கள் கட்டுப்பாடு இல்லாமல் மின்சாரத்தை இழுத்து, தகடு சிவந்து எரியும். டியூப்களின் கேத்தோடில் உள்ள 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் சிறு கெப்பாசிட்டர்கள் காய்ந்தால் ஆபத்து இல்லை, ஒலி மெலிந்து பாஸ் குறையும். அவற்றையும் மாற்றுவது முறை.

இங்கேதான் நிறுத்த வேண்டும். நீல நிற வார்ப்புக் கெப்பாசிட்டர்கள், பழுப்பு நிறக் கார்பன் ரெசிஸ்டர்கள், துணி உறை போட்ட ஒயர்கள் எல்லாம் அளந்து பார்த்துக் கெட்டவை மட்டுமே மாறட்டும். வால்யூம் குமிழைச் சுத்தம் செய்த பிறகும் திருப்பும்போது கரகரத்தால் அதற்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டர் டிசி மின்னழுத்தத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். அதை மட்டும் மாற்றினால் போதும். யாரும் வாசிக்காதபோதும் பின்னணியில் எண்ணெய் பொரிவது போன்ற சத்தம் வந்தால் முன்நிலை டியூப்களின் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர்களில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிப் புதிது போட்ட ஆம்ப்கள் சந்தையில் நிறைய. அவற்றில் கெட்டது எது, நல்லது எது என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். நல்ல பாகங்களையும் குப்பையில் போட்டுவிட்டு, அவசரத்தில் வைத்த சால்டர் புள்ளிகளைத்தான் மிச்சம் விட்டிருப்பார்கள்.

பாகங்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும் கறுப்பு நார்ப்பலகையையும் கவனியுங்கள். மெழுகு பூசிய அந்தப் பலகை ஈரத்தை உறிஞ்சினால் லேசாக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் தீராத, வந்து வந்து போகும் சலசலப்புக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் மாட்டி, ஆம்ப் ஓடும்போது, உள்ளே கை படாமல், சிவப்பு முனையால் பலகையின் வெற்றிடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சில வோல்ட் காட்டினாலே சந்தேகம்தான். கடலோர ஊர்களில் வருடக்கணக்கில் மூலையில் கிடந்த ஆம்ப்களில் இந்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது.

இதையெல்லாம் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப்புகளால் ஃபில்டர் கெப்பாசிட்டருக்கும் சேஸிஸுக்கும் இடையே மாட்டி, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இது பழக்கமில்லாதவர்கள் சேஸிஸைத் திறக்காமல் டியூப் ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே சரி.

வருடக்கணக்கில் ஓடாத ஆம்பை நேரடியாக மெயின்ஸில் செருகக்கூடாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் போட்டு அதன் வழியே கொடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைக்க வேண்டும். 230 வோல்ட் உள்ள நாடுகளில், அமெரிக்கச் சந்தைக்கான ஆம்புக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். 300 விஏ என்றால் நிம்மதி. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய பவர் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், அதனால் காற்றோட்டம் தேவை. ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தற்கொலைக்குச் சமம். சேஸிஸின் பின்பக்கம் அச்சிட்ட அளவே அளவு.

டியூப்கள் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான ஒன்று: பவர் டியூப்களான 6வி6 இரண்டும் இந்த ஆம்பில் சுமார் 415 வோல்ட்டில் ஓடுகின்றன. பழைய 6வி6ஜிடி கையேடு அனுமதிப்பது 315 வோல்ட் மட்டும். அந்தக் காலத்து ஆர்சிஏ, சில்வேனியா டியூப்கள் இதைச் சிரமமின்றித் தாங்கின. பின்னால் வந்த சில மலிவான தயாரிப்புகள் தாங்காமல் சில வாரத்திலேயே போயின. புதிதாக வாங்குவதானால் ஜேஜே 6வி6எஸ் போல உயர் மின்னழுத்தம் தாங்கும் ஜோடியாக வாங்குங்கள். மாற்றும்போது பயாஸ் பார்ப்பது கட்டாயம், அதற்கான சிறு குமிழ் சேஸிஸிலேயே இருக்கிறது. ஒவ்வொரு 6வி6-இன் எட்டாவது காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் மில்லிவோல்ட்டில் தெரிவதே மில்லிஆம்பியர். 415 வோல்ட்டில் 20 முதல் 23 மில்லிஆம்பியருக்குள் நிறுத்தினால் டியூப் நீண்ட நாள் வரும், ஒலியும் வறண்டு போகாது. ஜிஇசட்34 ரெக்டிஃபையர் கிடைக்கவில்லை என்று 5யு4 செருகிவிடாதீர்கள். முன்னது ஹீட்டருக்கு 1.9 ஆம்பியர் எடுக்கும், பின்னது 3 ஆம்பியர்; டிரான்ஸ்பார்மர் அந்தக் கூடுதல் சுமைக்குச் செய்யப்பட்டதில்லை. முன்நிலைச் சிறு டியூப்களை மாற்றுவதற்கு முன், ஆம்ப் ஓடும்போது ஒவ்வொன்றையும் பென்சிலின் மரமுனையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று எதிரொலிப்பது மட்டுமே மாற்ற வேண்டியது.

பெட்டியின் அடியில் உறைக்குள், எதிரொலியை உண்டாக்கும் ஸ்பிரிங் பெட்டியான ரிவெர்ப் டேங்க் இருக்கும். ரிவெர்ப் கேட்கவில்லை என்றால் ஆர்சிஏ ஒயர் இரண்டையும் கழற்றி அளக்கவும். இன்புட்டில் ஓர் ஓம் அளவும் அவுட்புட்டில் 200 ஓம் அளவும் காட்டினால் சுருள்கள் நலம். எதுவும் காட்டாவிட்டால், டேங்க்கின் உள்ளே தலைமுடி கனத்தில் ஓடும் ஒயர் அறுந்திருக்கும். புது டேங்க் வாங்க 4ஏபி3சி1பி என்று கேட்டால் போதும்.

ஸ்பீக்கர் ஆக்ஸ்ஃபோர்ட் என்றால் மென்மை, ஜென்சன் சி12என் என்றால் இன்னும் பிடிப்பான பாஸ், கூடுதல் உரம். எது வந்தாலும் மீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். கூம்பின் இரு பக்கத்தையும் விரல்களால் சமமாக அழுத்திப் பாருங்கள். உராயும் சத்தம் வந்தால் சுருள் தட்டுகிறது. ஒரு சின்ன விஷயம்: ஸ்பீக்கர் ஒயரை முதன்மை ஜாக்கில் செருகாமல் எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் செருகினால் ஒலியே வராது, முதன்மை ஜாக் காலியாக இருக்கும்போது அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும் அமைப்பு அது. ‘ஆம்ப் போச்சு’ என்று பதறும் முன் அதைப் பாருங்கள்.

1993-ல் வந்த ஃபெண்டரின் மறுதயாரிப்பு ஒலியில் பாதகமில்லை. அன்றாடம் வேனில் ஏற்றி இறக்குபவர்களுக்கு அதுவே புத்திசாலித்தனம். ஆனால் அதன் உள்ளே பிரின்டட் சர்க்யூட் போர்டு. ஒரு ரெசிஸ்டரை மாற்றப் போர்டையே கழற்ற வேண்டிவரும், இரண்டு மூன்று முறை சூடு பட்டால் செப்புத் தடம் பெயரும். பழையதில் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்கு முன்னால், ஒரு நிமிடத்தில் மாற்றும்படி இருக்கிறது. அறுபது வருடம் கழித்தும் பழுதுபார்க்க முடிகிறது என்றால் இந்த ஒயரிங்தான் காரணம். இதற்காகவே பழையதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்கிறோம்.

அவ்வளவு பணம் போட மனமில்லை என்றால் 1968, 69-இன் வெள்ளி முகப்பு டீலக்ஸ் ரிவெர்ப்பைத் தேடுங்கள், முன்துணியைச் சுற்றி அலுமினியப் பட்டை இருக்கும். சர்க்யூட்டில் சின்னச் சின்ன மாற்றங்களே. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் ஏபி763 அளவுகளுக்கு அதைத் திருப்பிவிடுவார். அதிலும் பார்க்க வேண்டியவை இவையேதான்: பவர் கார்டு, ஐந்து ஃபில்டர் கெப்பாசிட்டர், பயாஸ், தேதி எண்கள்.